சன்னக் குரல்காரர்களுக்கு: கத்தாமல், காதில் விழும்படி பேசுவது எப்படி?

மெல்லிய குரலில் பேசுகிறவர்களுக்கு ஊரே சேர்ந்து கொடுக்கும் ஒரே அறிவுரை, "கொஞ்சம் சத்தமா பேசுங்களேன்." உடனே தொண்டையை இறுக்கி ஒரு வாக்கியத்தை உரக்கச் சொல்வோம். அடுத்த வாக்கியத்தில் குரல் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். எதிரில் இருப்பவர் மறுபடி "என்னது?" என்பார். நாலு தடவை இப்படி ஆனால், "ஒண்ணும் இல்ல, விடுங்க" என்று சொல்ல வந்ததையே விழுங்குவது பழக்கமாகிவிடும்.

தைரியம் இல்லாததால்தான் குரல் எழவில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தைரியம் நிறைய உள்ள மெல்லிய குரல்காரர்களை எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் சிக்கல் மூன்று இடங்களில் இருக்கிறது. நம் சத்தத்தை நாமே அளக்கும் அளவு தப்பாக இருக்கிறது. மூச்சு பாதி வாக்கியத்தில் தீர்ந்துபோகிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல் வாய்க்குள்ளேயே தங்கிவிடுகிறது. மூன்றாவதுதான் தமிழ் பேசுகிறவர்களுக்கு மற்ற இரண்டையும்விட அதிக நஷ்டம் தருவது என்பது என் கருத்து. ஏன் என்று நான்காம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: உங்கள் குரல் எப்போதும் மெல்லியதாக இருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கு. நன்றாக இருந்த குரல் அண்மையில் இறங்கிப்போயிருந்தால், கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள்.

படி 1: உள்ளே இருக்கும் அளவுகோலைச் சரிபார்த்தல்

நம் குரல் நமக்கு இரண்டு வழியாகக் கேட்கிறது. ஒன்று, மற்றவர்களுக்குப் போகிற அதே காற்று. இன்னொன்று, மண்டை ஓட்டின் எலும்பு வழியே நேராக உள்காதுக்குப் போகும் அதிர்வு. இந்த இரண்டாவது வழி மற்றவர்களுக்குக் கிடையாது. அதனால் நம் குரல் நமக்குக் கனமாகவும் நிறைவாகவும் கேட்கிறது. பதிவு செய்து கேட்டால் "இதுவா என் குரல்?" என்று கூசுவதும் இதனால்தான். மெல்லிய குரல்காரர்கள் தங்கள் தலைக்குள் நிறைந்த சத்தத்தைப் போதும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வெளியே போய்ச் சேர்வதோ அதில் ஒரு பங்குதான்.

சோதனை எளிது. செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பத்தடி தள்ளி மேசை மேல் வையுங்கள். ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொல்லுங்கள். முதல் முறை வழக்கம்போல. இரண்டாம் முறை, போன் இருக்கும் இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து. மூன்றாம் முறை, "ஐயையோ, கத்துறேனே" என்று உங்களுக்கே தோன்றும் அளவில். வாக்கியம் நாளிதழிலிருந்து வேண்டாம். நீங்கள் நிஜமாகவே எங்காவது சொல்லித் தோற்றுப்போனதாக இருக்கட்டும்: "அண்ணே, ரெண்டு பார்சல், ஒண்ணுல காரம் வேண்டாம்."

ஒரு மணி நேரம் கழித்துக் கேளுங்கள். கத்தியதாகத் தோன்றிய மூன்றாவது, பதிவில் பெரும்பாலும் சாதாரணப் பேச்சாகத்தான் கேட்கும். முதலாவது பாதி காணாமல் போயிருக்கும்.

எண்ணாகப் பார்க்க விரும்புகிறவர்கள் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போனில் இறக்கிக்கொள்ளலாம். போனின் மைக் துல்லியமான கருவி இல்லை. அதனால் காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பொதுவாகக் கிசுகிசுப்பு 30 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவிலும், ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரண உரையாடல் 60 டெசிபெல் அளவிலும் இருக்கும். 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். பெரும்பாலான மெல்லிய குரல்களுக்குத் தேவைப்படுவது 5 முதல் 10 டெசிபெல் ஏற்றம்தான். கத்தலுக்கும் அதற்கும் வெகு தூரம்.

இந்த அளவுகோல் கோளாறு ஒரு சிகிச்சைக்கே அடிப்படையாக இருக்கிறது. பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் வந்தவர்களில் பலருக்குக் குரல் தேய்ந்துகொண்டே போகும். அவர்களுக்காக அமெரிக்காவில் 1987-இல் லீ சில்வர்மன் குரல் சிகிச்சை என்ற முறை உருவானது. வாரத்துக்கு நாலு நாள், நாலு வாரம், மொத்தம் 16 அமர்வுகள். அதில் நோயாளிக்குக் கொடுக்கப்படும் இலக்கு ஒன்றே ஒன்று: சத்தமாகப் பேசுவது. உச்சரிப்பைத் திருத்து, மெதுவாகப் பேசு என்று ஆயிரம் கட்டளை கிடையாது. பயிற்சி தொடங்கும்போது எல்லோருக்கும் கேட்கும் அளவில் பேசினாலே நோயாளிக்குத் தான் கத்துவதாகத் தோன்றும். அந்த உணர்வோடு சமாதானமாகிப் போகப் பழக்குவதுதான் சிகிச்சையின் பெரும் பகுதி. நமக்கு அந்த நோய் இல்லை. உணர்வு மட்டும் அதேதான். ஆகவே முதல் சில வாரங்களுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: "கொஞ்சம் ஓவரோ?" என்று தோன்றினால், சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

"எனக்கு அவ்வளவுதான் குரலே" என்பவர்களுக்கு இன்னொரு சோதனை. காதில் இயர்போன் மாட்டி, மழை இரைச்சல் போன்ற ஏதாவது ஒரு சத்தத்தை மிதமான அளவில் ஓடவிட்டு, ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். இன்னொரு போனில் அதைப் பதிவு செய்யுங்கள். நீங்கள் முயற்சியே செய்யாமல் குரல் ஏறியிருக்கும். சத்தமான இடத்தில் மனிதக் குரல் தானாக உயரும் என்பதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் பதிவு செய்தார். அவர் பெயராலேயே அந்த விளைவு அழைக்கப்படுகிறது. படித்துக்கொண்டிருக்கும்போதே இரைச்சலை நிறுத்திவிட்டு, குரலை இறக்காமல் இரண்டு வரி தொடருங்கள். கூச்சமாக இருக்கும். அந்த இரண்டு வரிதான் பயிற்சி.

படி 2: மூச்சு

நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்நாண்களைத் தள்ள, அவை அதிர்ந்து குரல் பிறக்கிறது. ஆண்களுக்கு நொடிக்கு 100 முதல் 130 முறை வரை, பெண்களுக்கு 200 முறை அளவில். சத்தத்தைக் கூட்டுவதில் முதல் பங்கு, நாண்களுக்குக் கீழே திரளும் காற்றின் அழுத்தத்துக்கு. "சத்தமா பேசு" என்றதும் நாம் கழுத்தை இறுக்குகிறோம். அதனால் சத்தம் கொஞ்சம்தான் கூடும், வலி நிறையவே கூடும்.

எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பார்க்க ஒரு கண்ணாடித் தம்ளரும் உறிஞ்சுகுழலும் போதும். தண்ணீருக்குள் குழலின் முனை 5 செ.மீ. ஆழத்தில் இருக்கும்படி பிடித்து மெல்ல ஊதுங்கள். முதல் குமிழி வெளிவரும் நேரத்தில் உங்கள் வாயில் இருப்பது 5 செ.மீ. நீர் அழுத்தம். சாதாரணப் பேச்சுக்கு 5 முதல் 10 செ.மீ. வரை தேவைப்படும். அவ்வளவுதான் சமாசாரம். குழந்தை பாட்டில் ஜூஸில் குமிழி விடுகிற பலம் இருந்தால், கேட்கும்படி பேசுகிற பலமும் இருக்கிறது.

அதே குழலில் குமிழி விட்டுக்கொண்டே "ஊ..." என்று குரல் கொடுங்கள். குமிழி ஒரே சீராக வர வேண்டும். திக்கித் திக்கி வந்தால் மூச்சு சீராக இல்லை. குரல் பயிற்சியாளர்கள் பாடகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பரவலாகக் கொடுக்கும் பயிற்சி இது. தொண்டையை இறுக்காமல் குரலெழுப்ப உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும். காலையில் இரண்டு நிமிடம் போதும்.

வயிற்றில் கை வைத்து, மூச்சு இழுக்கும்போது வயிறு முன்னே வருகிறதா என்று பார்க்கும் பயிற்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைச் செய்யுங்கள், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். மெல்லிய குரல்காரர்கள் தவறுவது பெரும்பாலும் வேறு இடத்தில். ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம், சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கிறது. "சொல்லலாமா, வேண்டாமா" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறோம். யோசித்து முடிப்பதற்குள் மூச்சு பாதி கசிந்துவிடுகிறது. மிச்சம் மீதியில் வாக்கியத்தைத் தொடங்குகிறோம். அது எப்படி மேசையின் மறுகோடி வரை போகும்? பேசுவது என்று முடிவான பிறகு, பழைய மூச்சை விட்டுவிட்டு, வாய் வழியே சட்டென்று புதிய மூச்சு எடுங்கள். எடுத்ததைப் பிடித்து வைக்காமல் உடனே முதல் சொல்லைச் சொல்லுங்கள்.

மூச்சு போதுமா என்று பார்க்க, ஒன்று முதல் எண்ணுங்கள். கடைசி எண்ணும் முதல் எண்ணின் அளவே சத்தமாக இருக்க வேண்டும். ஏழில் குரல் இறங்கினால், ஆறோடு நிறுத்தி மூச்சு எடுங்கள். உங்கள் வாக்கியமும் அந்த நீளத்தைத் தாண்டக் கூடாது. நாளாக ஆக எண் கூடும்.

படி 3: வாயைத் திறத்தல்

இது சின்ன விஷயம், பலன் உடனடி. அ, ஆ இரண்டும் அங்காத்தலால், அதாவது வாய் திறப்பதால் பிறக்கும் என்று பழைய இலக்கணிகளே வகுத்து வைத்திருக்கிறார்கள். முணுமுணுக்கிறவர்கள் "வாங்க" என்பதையும் "அப்பா" என்பதையும் பல்லைப் பிரிக்காமலே சொல்வார்கள். கண்ணாடி முன் நின்று "ஆ" என்று சொல்லும்போது மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். அப்படியே "அப்பா வந்தாச்சா?" என்று சொல்லிப் பாருங்கள். கூடுதலாக ஒரு சொட்டு மூச்சு செலவில்லாமல் சத்தம் கூடியிருக்கும்.

முகவாயைத் தாழ்த்தி, செல்போனைப் பார்த்தபடி பேசுவதையும் விடுங்கள். மெய்யெழுத்துகளின் கூர்மையான ஒலிகள் வாய் பார்த்த திசையில்தான் அதிகம் போகும். தலை குனிந்தால் தரைக்குத்தான் உங்கள் க, ச, ட எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

சத்தம் கூட்டும்போது சுருதியும் கூடவே ஏறுவது இயல்பு. சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, "கீச்சுன்னு கேக்குதே" என்ற கூச்சம் வந்து அதனாலேயே பழையபடி இறக்கிவிடுவார்கள். யாரோ சொல்வதை ஆமோதிக்கும்போது "ம்ஹ்ம்" என்கிறோமே, அந்த சுருதியில் தொடங்கிப் பாருங்கள். "ம்ம்" என்று உதடும் மூக்கும் அதிர முனகி, அப்படியே "மா" என்று திறந்து, அங்கிருந்து பேச்சுக்குள் போனால் கீச்சு வராது.

படி 4: கடைசிச் சொல்லைக் காப்பாற்றுதல்

பெரும்பாலான மொழிகளில் சாதாரண வாக்கியம் முடியும் இடத்தில் மூச்சழுத்தமும் சுருதியும் இறங்கும். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இதனால் பெரிய சேதம் இல்லை. அந்த மொழியில் மறுப்பு, வினைக்கு முன்பே வந்துவிடும். நமக்கோ வினையும் மறுப்பும் வந்து நிற்பது வாக்கியத்தின் வால் நுனியில். "நாளைக்கு சாயங்காலம் கூட்டத்துக்கு நான்..." என்பது வரை கேட்டவருக்கு ஒன்றுமே தெரியாது. வர்றேனா, வரலையா என்பது அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கிறது. நாம் விழுங்குவதும் சரியாக அதைத்தான்.

"அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காது" என்று டாக்டரிடம் சொல்கிறோம். "ஒத்துக்..." வரை கேட்கிறது. "சார், அந்த ஃபைல் இன்னும் முடியல" என்பதில் "முடி" வரை கேட்கிறது. முடிந்ததா, முடியவில்லையா என்பதைக் கேட்பவர் தம் வசதிப்படி நிரப்பிக்கொள்வார். மெல்லிய குரல்காரர்கள் ஒப்புக்கொள்ளாத வேலைகளையெல்லாம் ஒப்புக்கொண்டதாகப் பேர் வாங்குவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இதற்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின்னாலிருந்து கட்டுவது முதல் வழி. முதலில் கடைசிச் சொல்லை மட்டும் நல்ல சத்தத்தில் சொல்லுங்கள்: "முடியல." அப்புறம் "இன்னும் முடியல." அப்புறம் "அந்த ஃபைல் இன்னும் முடியல." வாக்கியம் நீள நீள, கடைசிச் சொல் முதலில் சொன்ன அதே சத்தத்தில் இருக்க வேண்டும். இறங்கினால் திரும்ப முதலிலிருந்து. ஐந்து வாக்கியங்களை இப்படிச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இரண்டாவது, வாக்கியத்தைத் துண்டாக்குவது. "போன வாரம் நீங்க சொன்னீங்களே அந்த ரிப்போர்ட்டுக்கு வேண்டிய தகவல் இன்னும் அக்கவுண்ட்ஸ்ல இருந்து வராததால நான் அதை இன்னும் ஆரம்பிக்கல" என்று ஒரே மூச்சில் போனால் எந்தக் குரலும் செத்துவிடும். "ரிப்போர்ட் இன்னும் ஆரம்பிக்கல, சார். அக்கவுண்ட்ஸ்ல இருந்து தகவல் வரல." முடிந்தது.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்த வழி. மரியாதைக்காக நாம் சேர்க்கும் "ங்க", "சார்", "மேடம்" ஆகியவற்றை வாக்கியத்தின் கடைசியில் போடுங்கள். "முடியாதுங்க." "வேண்டாம் சார்." இறங்குகிற குரல் இப்போது "ங்க"வையும் "சார்"ஐயும்தான் விழுங்கும். மறுப்பு தப்பித்துவிடும். மரியாதையும் குறையாது.

தெருவில் கீரை விற்கிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஒலிபெருக்கியில் பதிவு போடும் வண்டிகள் வருவதற்கு முன்பெல்லாம் அந்தக் குரல் அடுத்த தெரு வரை போகும். "கீரே...ய்" என்று கடைசி உயிரெழுத்தைத்தான் இழுப்பார்கள். முன்னால் என்ன சொன்னாலும் நீட்டுவது கடைசியை. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் கடைசி அசைக்கு அரை நொடி கூடுதலாகக் கொடுத்தால் போதும், வாக்கியம் முழுசாகப் போய்ச் சேரும்.

படி 5: கூப்பிடு, காத்திரு, சொல்

காலை எட்டு மணி டீக்கடையை எடுத்துக்கொள்வோம். பாய்லர் சீறுகிறது, வெளியே பஸ் நிற்கிறது, மாஸ்டர் முதுகைக் காட்டி நிற்கிறார். மெல்லிய குரல்காரர் வருகிறார். "ஒரு டீ சக்கரை கம்மியா." மாஸ்டர் திரும்பவில்லை. பின்னால் வந்தவருக்கு டீ கிடைத்துவிடுகிறது.

பின்னால் வந்தவர் செய்தது என்ன? "அண்ணே!" என்றார். நிறுத்தினார். மாஸ்டர் தலையைத் திருப்பினார். அதன் பிறகுதான் "ஒரு டீ, சக்கரை கம்மி" என்றார், அதுவும் சாதாரணக் குரலில்.

கவனத்தைப் பிடிப்பதற்கு ஒரு சத்தம், விஷயத்துக்கு ஒரு சத்தம் என்று அவர் பிரித்துக்கொண்டார். நாம் இரண்டையும் ஒரே மெல்லிய மூச்சில் முடிக்கப் பார்க்கிறோம். நல்லவேளையாக, தமிழில் கூப்பிடும் சொற்களெல்லாம் தூரம் போவதற்கென்றே செய்தவை போல நெடிலில் முடிகின்றன: அண்ணே, அக்கா, ஐயா, அம்மா. குறிலில் முடியும் தம்பிகூடக் கூப்பிடும்போது தம்பீ ஆகிவிடுகிறான். அந்த நெடிலுக்கு முழு மூச்சைக் கொடுங்கள். முகம் உங்கள் பக்கம் திரும்பும் வரை காத்திருங்கள். அந்த ஒரு நொடி கனமாகத்தான் இருக்கும். அவசரப்பட்டுத் தொடர்ந்தால் சொன்னது முழுக்க வீண்.

ஷேர் ஆட்டோவிலும் இதே முறைதான். "இங்க நிறுத்துங்க" என்று தொடங்கினால் டிரைவர் காதில் விழுவதற்குள் இறங்க வேண்டிய இடம் போய்விடும். "அண்ணே..." என்று கொஞ்சம் முன்னாலேயே தொடங்குங்கள். அலுவலகக் கூட்டத்தில் அதே வேலையைப் பெயர் செய்யும்: "முருகன் சார்", அரை நொடி, அப்புறம் விஷயம்.

படி 6: தூரமும் இரைச்சலும்

திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். இதை உடம்புக்குக் கற்றுக்கொடுக்க மொட்டை மாடி நல்ல இடம். நண்பரையோ தங்கையையோ மூன்றடி தள்ளி நிறுத்தி ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஆறடி, பன்னிரண்டு, இருபத்து நாலு. நீங்கள் சத்தத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். "அவருக்குச் சொல்கிறேன்" என்று மட்டும் நினையுங்கள். குழந்தைகளுக்கும் இதே வழிதான். மேடையில் நிற்கும் பிள்ளையிடம் "சத்தமா சொல்லு" என்றால் கழுத்து நரம்பு புடைக்கும். "கடைசி வரிசையில தாத்தா உக்காந்திருக்காரு பாரு, அவருக்குச் சொல்லு" என்றால் குரல் தானாக வரும்.

மாணவர்கள் பாடத்தைத் தெளிவாகக் கேட்க ஆசிரியரின் குரல் வகுப்பறை இரைச்சலைவிட 15 டெசிபெல் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பேச்சு, கேட்டல் சங்கத்தின் பரிந்துரை. நம் வகுப்பறைகளில், மின்விசிறிகளும் சன்னலுக்கு வெளியே சாலையும் இருக்கும்போது, இது பெரிய குரல்காரருக்கே கஷ்டம். ஆகவே குரலைத் தொடுவதற்கு முன் அறையைத் தொடுங்கள். மின்விசிறியை ஒரு சுற்று குறையுங்கள், சன்னலைச் சாத்துங்கள், மேசையின் ஓரத்தில் உட்காராமல் நடுவில் உட்காருங்கள். நாள் முழுவதும் பாடம் எடுப்பவர் இடுப்பில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கி வாங்கிக்கொள்வதில் எந்த வெட்கமும் இல்லை. கல்யாண மண்டபத்தில் தவில் வாசிக்கும்போது எதிர்ப் பக்கத்துச் சித்தப்பாவிடம் முக்கியமான விஷயம் பேச முயல்வது மட்டும் வேண்டாம். வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

வீடியோ கூட்டமும் மேடை மைக்கும்

வீடியோ கூட்டங்களில் மெல்லிய குரலுக்கு இரண்டு பொறிகள். காதை அடைக்கும் இயர்போன் போட்டால் நம் குரல் எலும்பு வழியாகக் கூடுதலாக முழங்கும். உடனே நாம் அறியாமலே குரலை இறக்கிவிடுவோம். ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டால் இது சரியாகும். இன்னொன்று, கூட்டச் செயலிகள் பின்னணி இரைச்சலை வடிகட்டும்போது, தேய்ந்து முடியும் வாக்கியங்களின் வாலையும் சேர்த்து வெட்டிவிடலாம். அமைப்புகளில் இரைச்சல் நீக்கத்தைக் குறைந்த அளவில் வைத்து, கூட்டம் தொடங்குமுன் ஒருவரிடம் "கடைசிச் சொல் கேக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

மேடை மைக்கை வாயிலிருந்து ஒரு கையளவு தூரத்துக்குள் வைத்து, வாய்க்கு நேராகப் பிடியுங்கள். மைக் இருக்கிறதே என்று குரலை இறக்காதீர்கள். இறக்கினால் மைக் செட்காரர் ஒலியை ஏற்றுவார், அது ஊளையிடும், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். நீங்கள் பயந்தது அதற்குத்தானே.

எங்கே தொடங்குவது?

உங்களைத் தெரியாத இடங்களில். மளிகைக் கடை, பஸ், மருந்துக் கடை. "எப்பவும் இப்படித்தான் பேசுவார் போல" என்று நினைத்துக்கொள்வார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். அங்கே பழகிய பிறகு அலுவலகம். அலுவலகத்தில் கூட்டம் தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியமாவது சொல்லிவிடுங்கள், "அந்த மெயில் எனக்கும் வந்துச்சு" என்பதானாலும் சரி. குரல் ஒரு முறை அறைக்குள் வந்துவிட்டால் அடுத்த முறை எடுப்பது சுலபம்.

வீடுதான் கடைசி, கடினமானதும் அதுவே. "இவன் அமைதியான பையன்" என்று இருபது வருடமாகப் பேர் வைத்திருப்பவர்கள் சத்தம் கூடியதும் "என்ன கோவம்?" என்று கேட்பார்கள். பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். பொம்பளப் பிள்ளை குரல் வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லியே வளர்த்த வீடுகள் நிறைய. சத்தம் என்றாலே சண்டை என்று இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கும் குரல் உயர்ந்தால் மனசு பதறும். இப்படிப்பட்ட வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: "அம்மா, கேக்குற மாதிரி பேசிப் பழகுறேன். கோவம் எல்லாம் இல்ல." முகத்தில் சிரிப்போடு சத்தம் கூட்டினால் பாதி குழப்பம் வராது.

அப்புறம், அந்த "என்னது?" எவ்வளவு பழகினாலும் அது வரும். பெரும்பாலோர் அதே சத்தத்தில், முன்பைவிட வேகமாக, முழு வாக்கியத்தையும் திரும்பச் சொல்வார்கள். முதல் முறை கேட்காதது இரண்டாம் முறை எப்படிக் கேட்கும்? புதிய மூச்சு எடுத்து, முக்கியமான சொல்லை மட்டும் முதலில் சொல்லுங்கள். "அந்தப் பணத்தை ஒன்பதாந்தேதி தரேன்னு சொன்னேன்" வேண்டாம். "ஒன்பதாந்தேதி." நிறுத்துங்கள். "பணம் ஒன்பதாந்தேதி தரேன்." "ஒண்ணும் இல்ல, விடுங்க" என்பதை அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

பயிற்சியின்போது தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். இறுக்கிப் பேசியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மறுநாள் உறிஞ்சுகுழலிலிருந்து தொடங்குங்கள். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு ஆகாது, பலருக்கு அது நாண்களை இன்னும் இறுக்கும். பேசாமல் இருங்கள், தண்ணீர் குடியுங்கள், அடிக்கடிச் செருமாதீர்கள்.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். புகைபிடிப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. குரல் திடீரென்று மெலிந்தாலோ, பேசும்போது மூச்சு வாங்கினாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, கழுத்தில் கட்டி தென்பட்டாலோ மூன்று வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். வயதானவரின் குரல் மாதக்கணக்கில் தேய்ந்துகொண்டே வந்து, கூடவே நடை குறுகி, கையெழுத்தும் சிறுத்துப்போனால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காதையும் சோதித்துக்கொள்ளுங்கள். வெளிக்காதிலோ நடுக்காதிலோ அடைப்பு இருந்தால் வெளிச்சத்தம் குறைந்து, நம் குரல் மட்டும் நமக்குப் பெரிதாகக் கேட்கும். அதனால் மெல்லப் பேசத் தொடங்குவோம். சில நேரம் காது அழுக்கை எடுத்ததுமே சரியாகிவிடுகிற விஷயம் இது. குரலுக்கென்றே பயிற்சி தரும் பேச்சு சிகிச்சையாளர்கள் பெரிய அரசு மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகளில் இருப்பார்கள். போகும்போது முதல் படியில் எடுத்த ஒலிப்பதிவைக் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் நம் குரல் வழக்கத்தைவிட நன்றாகவோ மோசமாகவோ ஆகிவிடும். பதிவில் இருப்பதுதான் வீட்டில் பேசுகிற குரல்.